பழைய 486 சர்வர்: நெட்வேர் 3.12 போதுமா, யுனிக்ஸுக்கு மாத்தலாமா?

காவேரிப்பட்டணம்:
இங்கே ஒரு மாங்கூழ் ஆலை தன் பழைய 486 சர்வரைக் கல்லூரிக்குக் கொடுத்திருக்கு. நெட்வேர் 3.12 (நோவெல் கம்பெனியோட நெட்வொர்க் சர்வர் சிஸ்டம்), ஹார்ட் டிஸ்க் இல்லாத 12 நோடு (சர்வரோட இணைஞ்ச பிசி), எல்லாத்தையும் இணைக்கிற ஆர்ஜி-58 கோஆக்ஸ் கேபிள், ஃபாக்ஸ்புரோ டேட்டாபேஸில் கணக்கு. நெட்வொர்க் நிர்வாகம் சொல்லித்தர இதையே ஓட்டலாமா, எஸ்சிஓ யுனிக்ஸ் போட்டு டெர்மினல் (திரையும் கீபோர்டும் மட்டும்) வைக்கலாமா?

அதியமான்கோட்டை:
இதையே ஓட்டுங்க. அனுமதி கொடுக்கிற முறைக்காகவே நெட்வேரைப் படிக்கணும். எட்டு விதமான உரிமை. ஒவ்வொரு டைரக்டரியிலும் ஆளுக்கு ஆள், குரூப்புக்கு குரூப் தனித்தனியா கொடுக்கலாம். எடைமேடை ஆளுக்கு 'கிரியேட்' மட்டும் கொடுத்துப் பாருங்க: எடைச்சீட்டு ஃபைலைப் போடுவார், மூடினபிறகு அவராலேயே திறக்க முடியாது. உண்டியல் மாதிரி. யுனிக்ஸில் ஓனர், ஒரே ஒரு குரூப், மத்தவங்க, அவ்வளவுதான்.

சூளகிரி:
அனுமதி நல்லாத்தான் இருக்கு சார், ஆனா நம்ம ஊர் கரண்டுக்கு அந்த அமைப்பு ஆகாது. நெட்வேர் வெறும் ஃபைல் சர்வர். கணக்குப் போடுறது நோடு. இண்டெக்ஸை (ரெக்கார்டைத் தேடித்தர்ற ஃபைல்) படிக்கிறது, எழுதுறது எல்லாம் கேபிள் வழியாத்தான். டிபிஎஃப்பில் (ஃபாக்ஸ்புரோ டேட்டா ஃபைல்) ரெக்கார்டு எழுதி, இண்டெக்ஸ் எழுதுறதுக்குள் நோடு அணைஞ்சா ரெண்டும் பொருந்தாது. ரீஇண்டெக்ஸ் பண்ணாம அந்த பில்லைத் தேடினா கிடைக்காது. யுனிக்ஸில் எல்லாம் சர்வருக்குள்ளேயே நடக்குது. டெர்மினல் அணைஞ்சா திரை மட்டும்தான் போகும். ஒரு மெஷினுக்கு மட்டும் யுபிஎஸ் போதும்.

அதியமான்கோட்டை:
அதுக்குத்தான் நெட்வேரில் டிடிஎஸ் (டிரான்ஸாக்ஷன் டிராக்கிங் சிஸ்டம்) இருக்கு. டிபிஎஃப், இண்டெக்ஸ் ரெண்டுக்கும் 'டிரான்ஸாக்ஷனல்' கொடி போட்டா, பாதியில் நின்ன எழுத்தை சர்வரே திருப்பிடும். கொடி இருக்கிறவரை ஃபைலை அழிக்கவோ பேர் மாத்தவோ முடியாது. அதனால 'பேக்' (அழிச்ச ரெக்கார்டுகளை ஃபைலிலிருந்து நீக்குறது) பண்ணுறதுக்கு முன்னாடி கொடியை எடுக்கணும்.

சூளகிரி:
சரி, அந்த டிடிஎஸ் எதை நம்பி நிக்குது? சிஸ் வால்யூமில் (நெட்வேரோட சொந்த ஃபைல்கள் இருக்கிற டிஸ்க் பகுதி) இருக்கிற காலி இடம். இடம் தீர்ந்தா அது தானே அணைஞ்சிடும். பிரிண்ட் கியூவும் (அச்சுக்குக் காத்திருக்கிற ஃபைல்கள்) அதே சிஸ்ஸில்தான். சீசனில் பிரிண்டர் பேப்பர் சிக்கி கியூ குவிஞ்சா, கணக்குக்கு இருந்த பாதுகாப்பு சத்தமில்லாம போயிடும். இதை மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லணும்.

அதியமான்கோட்டை:
ஒத்துக்கிறேன். ஆனா எடைமேடை ஆபீஸிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருந்தா? டெர்மினலுக்கான ஆர்எஸ்-232 கேபிளுக்கு 15 மீட்டர்தான் கணக்கு. கோஆக்ஸ் ஒரு செக்மெண்ட் 185 மீட்டர், 30 நோடு வரை தாங்கும்.

அரூர்:
எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல்ல கேபிளைப் பாருங்க. எல்லாத்தையும் அணைச்சிட்டு, ஒரு டி கனெக்டரை (கேபிளைக் கார்டோட இணைக்கிற T வடிவ இணைப்பு) நெட்வொர்க் கார்டிலிருந்து கழட்டி நடு ஊசிக்கும் வெளி உலோகத்துக்கும் மீட்டர் வையுங்க. சுமார் 25 ஓம் வந்தா சரி. 50 வந்தா ஒரு முனையில் டெர்மினேட்டர் (கேபிள் கடைசியில் மாட்டுற 50 ஓம் மூடி) இல்ல, இல்லைன்னா நடுவில் கேபிள் அறுந்திருக்கு.

நோடு பூட் ஆகலேன்னா ஃபிரேம் வகையை (நெட்வொர்க்கில் டேட்டாவைக் கட்டி அனுப்புற வடிவம்) பாருங்க. 3.12 வழக்கமா எடுக்கிறது 802.2, நோடை சர்வரிலிருந்து பூட் பண்ற பழைய பூட் ரோம் சிப் பலதும் 802.3 தான் பேசும். சர்வர் தொடங்கும்போது ஓடுற ஆட்டோஎக்ஸெக்.என்சிஎஃப் ஃபைலில் அதே கார்டு டிரைவரை ரெண்டு ஃபிரேமுக்கும் ரெண்டு தடவை லோட் பண்ணி, வெவ்வேறு நெட்வொர்க் எண்ணில் பைண்ட் பண்ணணும். பூட் ஆகி 'பேட்ச் ஃபைல் மிஸ்ஸிங்'னு நின்னா, ஆட்டோஎக்ஸெக்.பேட்டின் நகல் லாகின் டைரக்டரியில் இல்லைன்னு அர்த்தம்.

காவேரிப்பட்டணம்:
மீட்டர் 50 காட்டுச்சு. சர்வர் பக்கக் கடைசியில் டெர்மினேட்டரே இல்ல, டி மட்டும் வெறுமனே தொங்குது. அதைப் போட்டு நெட்வேரிலேயே ஆரம்பிக்கிறேன்.

சூளகிரி:
அப்போ ஸ்விட்சை நேரா அணைக்காதீங்க. டிஸ்கில் எழுத வேண்டியது வழக்கமா 3.3 விநாடி வரை கேஷிலேயே (சர்வர் மெமரியிலேயே) நிக்கும்; கன்சோலில் 'டவுன்' கொடுத்துட்டு அணைங்க. எல்லாரையும் லாக்அவுட் பண்ணவச்சு பைண்ட்ஃபிக்ஸ் (பயனர், குரூப் விவரம் இருக்கிற பைண்டரி ஃபைல்களைச் சரிபண்ற புரோகிராம்) ஓட்டுங்க. முதல் தடவை பிழையில்லாம முடிஞ்சா மட்டும் இன்னொரு தடவை, அப்போதான் .ஓஎல்டி ஃபைல்களில் பைண்டரியோட சுத்தமான நகல் நிக்கும்.