ஏர்பேக் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது, கிளாக் ஸ்பிரிங்தானா?

வணக்கம். 3 மாதத்துக்கு முன் ஒரு பழைய கார் வாங்கினேன். சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும் இல்லையா? இதில் அணைவதே இல்லை.

என்னிடம் இருக்கும் சின்ன ஸ்கேனர் இன்ஜின் கோளாறுகளை மட்டும்தான் படிக்கும். ஏர்பேக் பக்கமும் படிக்கிற ஸ்கேனரை நண்பரிடம் வாங்கி மாட்டினேன். டிரைவர் ஏர்பேக் சர்க்யூட்டில் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) அதிகம் என்று கோளாறு கோட் வந்தது. அதை அழித்தேன். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது மறுபடி எரிந்தது, அதே கோட்.

சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர்களை முதலிலேயே பார்த்துவிட்டேன், இறுக்கமாகத்தான் இருக்கின்றன. என் சந்தேகம் ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருந்து, ஏர்பேக்குக்கும் ஹார்னுக்கும் இணைப்பு கொடுக்கும் நாடா போன்ற வயரான கிளாக் ஸ்பிரிங் மேல்தான். ஸ்டீயரிங்கை இடது பக்கம் முழுதாக ஒடித்தால் சில சமயம் ஹார்ன் அடிக்காது, கொஞ்சம் திரும்பினால் அடிக்கும். உள்ளே சரசரவென்று ஒரு சத்தம் வேறு.

மெக்கானிக்கோ ஏர்பேக் கம்ப்யூட்டரையே மாற்றச் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

கிளாக் ஸ்பிரிங்தான் என்று உறுதி செய்ய வழி உண்டா? ஏர்பேக்கில் மல்டிமீட்டர் வைக்கக் கூடாது, வெடித்துவிடலாம் என்று தெரியும். பேட்டரியைக் கழற்றி, காத்திருந்து, ஸ்டீயரிங்கில் ஏர்பேக் மாட்டும் கனெக்டரில் ஏர்பேக்குக்குப் பதில் 2 ஓம் ரெசிஸ்டர் போட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பல்பைப் பிடுங்கிவிடு என்ற யோசனை மட்டும் வேண்டாம், அதை ஏற்கெனவே 2 பேர் சொல்லிவிட்டார்கள்.