கல்வெட்டில் 14ஆம் பக்கம்

குழு: பெரிய வீடு
செவ்வாய், 22 யூலை 2025

வசந்தி அக்கா, 19:52
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் 31ஆம் நாள் வரும் ஞாயிறு, 27. காலை 8 மணிக்கு அந்தியேட்டிக் கிரியை, 12 மணிக்குச் சாப்பாடு. பரிஸ் லாச்சப்பலில் எட்டாம் நாளுக்கு எடுத்த அதே மண்டபம்தான். அப்பாவின் நினைவுப் புத்தகமான கல்வெட்டை நாளை காலை 10 மணிக்குள் அச்சகத்தில் கொடுக்க வேண்டும். பிழை இருந்தால் இன்று இரவே சொல்லுங்கோ.

வசந்தி அக்கா, 19:53
[ஆவணம்: கல்வெட்டு, 24 பக்கம்]

லண்டன் சித்தி, 20:01
3ஆம் பக்கத்தில் என் பெயருக்கு முன்னால் திருமதி இல்லை.

வசந்தி அக்கா, 20:02
போடுகிறேன் சித்தி.

சேகர் அண்ணை, 20:04
சனி காலை இறங்குகிறேன். யார் விமான நிலையத்துக்கு வருவது?

சின்னமாமா, 20:05
இந்த முறையாவது வந்து சேர்.

வசந்தி அக்கா, 20:05
மாமா, வேண்டாம்.

சின்னமாமா, 20:11
14ஆம் பக்கம் என்ன இது? அத்தான் கட்டம் போட்ட தொப்பியோடு மலையில் நிற்கிறார். பக்கம் முழுக்கத் தூர் து பிரான்ஸ் சைக்கிள் ஓட்டம். யார் எழுதியது?

பவன், 20:12
நான்தான் மாமா.

சின்னமாமா, 20:13
ஊசி போட்டு ஓடுகிற கள்ளரின் பெயர்கள் அத்தானின் கல்வெட்டில் எதற்கு? அந்த இடத்தில் இன்னும் ஒரு தேவாரம் போடலாம்.

குட்டி, 20:14
தேவாரம் ஏற்கனவே 6 பக்கம் இருக்கிறது சின்னத் தாத்தா.

சின்னமாமா, 20:14
நீ படி.

பவன், 20:26
மாமா, கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கோ. பெரியப்பா 1985இல் இங்கே வந்தார். சாம்ஸ் எலிசேக்குப் பின்னால் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். யூலை மாதக் கடைசி ஞாயிறுகளில் ஒன்று, வாசலில் ஒரே சத்தம். முதலாளி எல்லோரையும் அரை மணி நேரம் வெளியே விட்டார். கையில் சவர்க்கார நுரையோடு போய் நின்று பார்த்திருக்கிறார். அந்த வருடம் பிரெஞ்சு வீரர் இனோ தூரை ஐந்தாவது முறையாக வென்றார். ஊரில் வேலைக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் சைக்கிளில் போன மனிதர். இந்த நாட்டில் தனக்குப் புரிந்த முதல் விடயம் அதுதான் என்று சொல்வார். மொழி வராது, விசா இல்லை, ஆனால் எதிர்க்காற்றில் மிதிப்பது என்றால் என்னவென்று தெரியும். அதற்குப் பிறகு 40 வருடமாக ஒரு பிரெஞ்சுக்காரனும் தூரை வெல்லவில்லை. இவர் ஒரு வருடமும் பார்க்காமல் விடவில்லை. அதை எழுதாமல் அவருடைய வாழ்க்கையை எப்படி எழுதுவது?

லண்டன் சித்தி, 20:28
அத்தான் வந்தது 84 இல்லையா?

வசந்தி அக்கா, 20:28
85 சித்தி. 84இல் கொழும்பில் நின்றார்.

லண்டன் சித்தி, 20:29
அப்படியென்றால் 2ஆம் பக்கமும் பிழை.

சின்னமாமா, 20:31
பவன், சைக்கிள் ஓட்டினார் என்று எழுது, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆம்ஸ்ட்ரோங் பெயர் எதற்கு? ஏழு முறை வென்றதாக உலகத்தை ஏமாற்றியவன்.

பவன், 20:44
ஏமாற்றினான். அதை மறைத்து எழுதினால்தான் பெரியப்பாவுக்கு நான் செய்கிற பிழை. கள்ளம் நடக்கிறது என்று எனக்கு முதலில் சொன்னவரே அவர்தான். 1998இல் ஃபெஸ்தினா அணியின் உதவியாளர் பெல்ஜியம் எல்லையில் சுங்கக்காரரிடம் பிடிபட்டார், கார் நிறைய மருந்து. எனக்கு 11 வயது. செய்தியைப் பார்த்துவிட்டு, ஈபிஓ என்றால் என்னவென்று மேசையில் தண்ணீர்க் குவளையை வைத்து விளங்கப்படுத்தினார். சிவப்பணுவைக் கூட்டுகிற மருந்து, சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கொடுப்பது. அதை நல்ல உடம்பில் ஏற்றினால் மலையில் மூச்சு தாங்கும், ஆனால் இரத்தம் தடிக்கும். அப்போது அதைக் கண்டுபிடிக்கப் பரிசோதனையே இல்லை. அதனால் 1997இல் இரத்தத்தில் சிவப்பணு 50 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஒரு கோடு போட்டார்கள். இத்தாலிய வீரர் பந்தானி 1998இல் தூரை வென்றார். அடுத்த வருடம் இத்தாலியப் போட்டியில் 52 என்று காட்டி, வெல்ல இரண்டு நாள் இருக்கும்போது வெளியே அனுப்பினார்கள். 2004இல் ஒரு விடுதி அறையில் தனியாகச் செத்துக் கிடந்தார், வயது 34. செய்தி வந்த அடுத்த நாள் பெரியப்பா வேலைக்குப் போகவில்லை. கள்ளன் செத்தான் என்று அவர் சொல்லவில்லை மாமா. பெடியனை யாரும் காப்பாற்றவில்லை என்றார்.

குட்டி, 20:46
தாத்தாவுக்கு டயாலிசிஸில் போட்டதும் அந்த ஊசிதானா?

பவன், 20:48
ஓம் குட்டி, அதேதான். தாதி போட வரும்போது பெட்டியை வாங்கிப் பெயரை வாசிப்பார். "இதைப் போட்டும் எனக்கு இரண்டாம் மாடிக்கு ஏற முடியவில்லை, அவங்கள் மலை ஏறினாங்கள்" என்று சொல்வார்.

வசந்தி அக்கா, 20:49
எனக்கு இதைச் சொல்லவே இல்லை அவர்.

வசந்தி அக்கா, 20:55
வடை யார் பொறுப்பு? 180 பேர் என்று வைத்திருக்கிறேன்.

சின்னமாமா, 20:56
200 என்று வை. சார்செல் ஆட்கள் சொல்லாமல் வருவார்கள்.

லண்டன் சித்தி, 20:57
வாழையிலை நான் இங்கிருந்து கொண்டு வரட்டா?

வசந்தி அக்கா, 20:57
லாச்சப்பலில் இல்லாத இலையா சித்தி!

பவன், 21:03
இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்து வராதேங்கோ. தூரின் கடைசி நாள் அது. வழக்கமான சாம்ஸ் எலிசே சுற்று மட்டும் இல்லை, இந்த முறை மொன்மார்த் மேட்டிலும் மூன்று முறை ஏறுகிறார்கள், லெப்பிக் வீதியால். மாலை 4 மணிக்குப் பிறகுதான் தொடக்கம், பரிஸில் முடிய 7 தாண்டும், ஆனால் பாதையை முன்கூட்டியே மூடுவார்கள்.

சின்னமாமா, 21:04
அதுதானே பார்த்தேன். சாப்பாட்டை 12க்கு வைத்தது இதற்காகத்தானா?

வசந்தி அக்கா, 21:05
மண்டபம் 3 மணி வரைதான் தருவார்கள் மாமா. நேரம் வைத்தது நான்.

பவன், 21:12
மாமா, மறைக்கவில்லை. பாத்திரம் எல்லாம் கழுவிக் கொடுத்துவிட்டு நான் லெப்பிக் வீதிக்கு நடந்து போவேன். போன வருடம் ஒலிம்பிக் சைக்கிள் ஓட்டம் அந்த மேட்டால் போனபோது பெரியப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு தொலைக்காட்சியில்தான் பார்த்தார். இந்த மே மாதம் தூரும் அங்கே வருகிறது என்று அறிவித்ததும் எனக்கு போன் எடுத்து, "40 வருடத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் வருகிறார்கள், சக்கர நாற்காலியில் என்றாலும் கூட்டிக்கொண்டு போ" என்றார். நான் சரி என்று சொல்லியிருந்தேன்.

லண்டன் சித்தி, 21:13
பாவம் அத்தான்.

குட்டி, 21:13
நானும் வருகிறேன் மாமா.

வசந்தி அக்கா, 21:14
பிறகு பார்ப்போம்.

சின்னமாமா, 21:20
சரி, இப்ப ஓடுகிறவன் மட்டும் சுத்தமா? இன்று செய்தியில் பார்த்தேன், போகச்சார் வோந்தூ மலையில் பழைய நேரத்தையெல்லாம் உடைத்துவிட்டானாம்.

பவன், 21:37
கேட்க வேண்டிய கேள்விதான் மாமா. பழைய சாதனை 2004இல் ஈபான் மாயோ வைத்தது, 55 நிமிடம் 51 வினாடி. மாயோ 2007இல் ஈபிஓவில் பிடிபட்டவர். அந்த நேரத்தைவிட ஒருவர் ஒரு நிமிடம் குறைவாக ஏறினால் என் நெஞ்சும் ஒருமுறை நின்றுதான் ஓடுகிறது. போகச்சார் எந்தப் பரிசோதனையிலும் சிக்கியதில்லை. ஆம்ஸ்ட்ரோங்கும் அதைத்தானே சொன்னான் என்பீர்கள். ஓம், சொன்னான். ஆனால் 2008இலிருந்து ஒவ்வொரு வீரரின் இரத்தக் கணக்கையும் வருடக்கணக்காகச் சேர்த்து ஒப்பிடுகிறார்கள். எங்கே நித்திரை கொள்கிறார்கள் என்று அறிவிக்க வேண்டும், தினமும் ஒரு மணி நேரம் சொன்ன இடத்தில் இருக்க வேண்டும், 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் தடை. சைக்கிளும் டயரும் சாப்பாடும் அன்றையதைவிட எவ்வளவோ மாறிவிட்டன. இதெல்லாம் இருந்தும் எனக்கு முழு உறுதி இல்லை. அவன் சுத்தம் என்று கல்வெட்டில் நான் எழுதவும் இல்லை, பாருங்கோ. இன்று அந்த மலையில் வென்றது, முன்னாலேயே பிரிந்து போயிருந்த பரே பெந்தர் என்ற பிரெஞ்சுப் பெடியன், கடைசி வளைவில் ஹீலியை முந்தினான். இந்த வருடத் தூரின் நாள் ஓட்டங்களில் பிரெஞ்சுக்காரருக்கு முதல் வெற்றி. நான் வேலையிடத்தில் போனை மாவு மூட்டையில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். முடிந்ததும் பெரியப்பாவின் இலக்கத்தை அழுத்திவிட்டேன். மணி அடித்தது.

வசந்தி அக்கா, 21:38
அந்த போன் என் அலுமாரியில் இருக்கிறது. சாயந்தரம் அடித்தது நீதானா?

பவன், 21:38
ஓம் அக்கா.

லண்டன் சித்தி, 21:41
14ஆம் பக்கப் படம் எந்த மலை?

பவன், 21:49
அதே வோந்தூதான் சித்தி, 2009. உச்சிக்குச் சற்றுக் கீழே சைக்கிள் வீரர் டொம் சிம்சனின் நினைவுக்கல் இருக்கிறது. 1967 யூலை 13, ஊக்கமருந்தும் வெயிலுமாக அந்த இடத்தில் விழுந்து செத்தவர். போகிறவர்கள் தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் வைத்துவிட்டுப் போவார்கள். பெரியப்பா சட்டைப் பையிலிருந்து கற்பூரம் எடுத்தார். காற்று விடவில்லை. எட்டுத் தீக்குச்சி. கடைசியில் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி மறைத்துப் பிடித்துத்தான் கொளுத்தினார். விளம்பர வண்டியிலிருந்து எறிந்த அந்தச் சிவப்பு வெள்ளைக் கட்டத் தொப்பியின் விளிம்பில் கருகல் இருக்கிறது, படத்தைப் பெரிதாக்கினால் தெரியும்.

குட்டி, 21:50
தெரிகிறது!

குட்டி, 21:52
[படம்]
தாத்தாவின் கொப்பி. அம்மம்மாவின் அலுமாரியில் எடுத்தேன்.

பவன், 21:58
இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். மாமா, இந்தப் படத்தைத் திறந்து பாருங்கோ. இடது பக்கம் வருடம், நடுவில் வென்றவர் பெயர். 1999 முதல் 2005 வரை ஏழு வரியிலும் அடிமட்டம் வைத்துச் சிவப்புப் பேனையால் வெட்டியிருக்கிறார். 2006 லாண்டிஸ், 2010 கொன்டடோர், அதுவும் வெட்டு. பக்கத்தைக் கிழிக்கவில்லை, பெயரும் வாசிக்கக்கூடியதாக இருக்கிறது. பட்டத்தைப் பறித்த பிறகு அந்த ஏழு வருடத்துக்கும் வேறு யாரையும் வெற்றியாளராக அறிவிக்கவில்லை. பெரியப்பாவும் வேறு பெயர் எழுதவில்லை. 1999க்கு நேரே ஓரத்தில் மட்டும் பஸ்ஸோன் என்று இருக்கிறது. மருந்து எடுக்க மாட்டேன் என்று நின்ற பெடியன் அவன். மற்றவர்களைப் பற்றி வெளியே பேசியதற்காக ஆம்ஸ்ட்ரோங் ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்து மிரட்டினான், கூட ஓடியவர்களும் ஒதுக்கினார்கள். பாதியிலேயே வீட்டுக்குப் போய்விட்டான்.

குட்டி, 21:59
வலது பக்கம் வேறு ஏதோ எழுதியிருக்கிறார்.

பவன், 22:00
அந்த வருடம் யார் யார் கூடப் போனோம் என்று. 2004ஐ வாசி, அல்ப் துவெஸ் மலைக்குப் போனது.

குட்டி, 22:01
"அல்ப் துவெஸ். சேகர், பவன். 12ஆம் வளைவு. காரில் நித்திரை. பாண், சம்பல். சேகர் ஓடினான்."

குட்டி, 22:01
இதற்குக் கோடு இல்லை.

சின்னமாமா, 22:06
கையெழுத்து அத்தானுடையதுதான்.

சேகர் அண்ணை, 22:15
ஓடினேன். ஆம்ஸ்ட்ரோங் பக்கத்தில் முப்பது நாற்பது அடி, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு. திரும்பி வந்தபோது அப்பா என் முதுகைத் தடவி, தண்ணீர் குடி என்றார். 2012இல் அவன் மருந்து எடுத்தான் என்று அறிக்கை வந்தபோது நான் நம்பவில்லை, அமெரிக்காவில் யாரோ பொறாமையில் செய்கிறார்கள் என்று போனில் அப்பாவிடம் சத்தம் போட்டேன். சம்பளம் இல்லாமல் ஒரு கிழமை லீவு எடுத்து என்னைக் கூட்டிக்கொண்டு போன மனிதரைப் பார்த்து, உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். மூன்று மாதம் கழித்து அவனே தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டான். அன்றும் நான் அப்பாவுக்கு போன் எடுக்கவில்லை. அவர்தான் எடுத்தார், சாப்பிட்டாயா என்று கேட்டார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சேகர் அண்ணை, 22:16
14ஆம் பக்கம் இருக்கட்டும்.

லண்டன் சித்தி, 22:18
சேகர், நீ வா முதலில். மற்றதெல்லாம் பிறகு.

சின்னமாமா, 22:24
நான் படத்துக்கு எதிர்ப்பு இல்லை. கள்ளனின் பெயரை மட்டும் எடு. ஐயர் கையிலும் அந்தப் புத்தகம் போகும்.

பவன், 22:25
பெயரை எடுத்தால் பஸ்ஸோன் யாரென்று விளங்காது மாமா.

குட்டி, 22:33
அம்மம்மா பக்கத்தில் இருக்கிறார். சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.
"2005இல் எனக்குப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிய காலம். அவர்தான் ஆம்ஸ்ட்ரோங்கின் அந்த மஞ்சள் ரப்பர் வளையல்களை வாங்கி வந்து எல்லோருக்கும் போட்டார். அந்தப் பெடியனுக்கும் வந்து மாறியதாம், உனக்கும் மாறும் என்றார். பிறகு விடயம் தெரிந்ததும் எல்லோரும் கழற்றிவிட்டீர்கள். அவர் தன்னுடையதைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தார். நான் கழற்றவில்லை. அவன் பொய் சொன்னான், ஆனால் எனக்கு முடி கொட்டினது உண்மைதானே. அவர் ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றதும் உண்மைதானே. தம்பி, 14ஆம் பக்கத்தில் கை வைக்காதே."

சின்னமாமா, 22:35
சரி அக்கா.

குட்டி, 22:36
வளையல் இப்பவும் கையில் இருக்கிறது. மஞ்சள் போய் வெள்ளையாகிவிட்டது.

சின்னமாமா, 22:41
பவன், எழுத்தைக் கொஞ்சம் சுருக்கு. எழுத்து சின்னதாக இருக்கிறது, எனக்கு வாசிக்க முடியவில்லை. கொப்பிப் படத்தையும் போட இடம் வேண்டும்.

பவன், 22:42
எந்த வரியை எடுக்கட்டும்?

சின்னமாமா, 22:43
அதை நீ பார். ஆனால் கற்பூரத்தை எழுதவில்லையே, அதைச் சேர்.

வசந்தி அக்கா, 22:44
சுருக்கச் சொல்கிறீர்களா, சேர்க்கச் சொல்கிறீர்களா? எனக்கு 10 மணிக்குள் வேண்டும்.

லண்டன் சித்தி, 22:46
திருமதி போட்டாயா?

வசந்தி அக்கா, 22:46
போடுகிறேன் சித்தி!

சேகர் அண்ணை, 22:52
பவன், ஞாயிறு மாலை லெப்பிக் வீதிக்கு எத்தனை மணிக்கு நடக்கப் போகிறாய்?

பவன், 22:53
மூன்றரைக்கு வெளிக்கிட்டால்தான் இடம் கிடைக்கும் அண்ணை. வானிலை மழை என்கிறது.

வசந்தி அக்கா, 22:54
31ஆம் நாள் அன்று வீட்டு ஆண்கள் எல்லோரும் வெளிக்கிட்டால் அம்மாவோடு யார் இருப்பது?

சின்னமாமா, 22:57
நான் இருக்கிறேன். தொலைக்காட்சியில் எந்த அலைவரிசை என்று யாராவது போட்டுத் தந்துவிட்டுப் போங்கோ.

குட்டி, 22:58
அம்மம்மா கேட்கிறார், அந்தத் தொப்பி இப்ப யாரிடம்?

பவன், 22:59
என்னிடம் இல்லை. அக்கா?

வசந்தி அக்கா, 23:02
ஆஸ்பத்திரியிலிருந்து தந்த பையில் பார்க்க வேண்டும். அதை நான் இன்னும் திறக்கவில்லை.