விரட்டும் மஞ்சள், புள்ளி விழுந்த பவுடர் ப்ளூ

கவின்: சித்தப்பா, இருக்கிறீர்களா? என் கடல்மீன் தொட்டியில் நேற்று புதிதாக விட்ட பவுடர் ப்ளூ சர்ஜன் மீனை, ஏற்கெனவே இருக்கும் மஞ்சள் சர்ஜன் மீன் விடாமல் விரட்டுகிறது. புது மீனின் வால் ஓரத்தில் கீறல். இன்று உடம்பில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் வேறு.

கவின்: (படம்)

முருகன் சித்தப்பா: மூச்சு எப்படி? செவுள் வேகமாக அடிக்கிறதா? பம்ப் பக்கமே போய் நிற்கிறதா?

கவின்: இல்லை. பாறையில் அடிக்கடி உடம்பைத் தேய்க்கிறது. பாசித்தாள் வைத்தால் சாப்பிடுகிறது.

முருகன் சித்தப்பா: சாப்பிடுகிறது என்றால் கொஞ்சம் நேரம் இருக்கிறது. இப்படி எண்ணக்கூடிய புள்ளிகள் பெரும்பாலும் கிரிப்டோகாரியன்தான், அதாவது கடல்மீனின் வெள்ளைப்புள்ளி நோய். எண்ண முடியாத அளவுக்குப் பொடியாகப் படிந்து, மீன் மூச்சு வாங்கினால் அது வெல்வெட் என்ற வேறொரு ஒட்டுண்ணி நோய். அது ஓரிரு நாளில் தொட்டியையே காலி செய்துவிடும். அப்படித் தெரிந்தால் நள்ளிரவானாலும் போன் செய்.

அம்மா: தம்பி, சண்டையால்தான் நோய் வந்ததா?

முருகன் சித்தப்பா: சண்டை ஒட்டுண்ணியை உண்டாக்காது அண்ணி. அது தோலில் புகுந்து கண்ணுக்குத் தெரியும் அளவு வளர இரண்டு மூன்று நாளாவது ஆகும். நேற்று விட்டு இன்றே புள்ளி என்றால் புது மீனோடுதான் வந்திருக்கிறது. ஆனால் நாள் முழுக்க அடிவாங்கும் மீனுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்காது. முதலில் இரண்டையும் பிரிக்க வேண்டும்.

தேன்மொழி அக்கா: கவின், அதுவரைக்கும் தொட்டிக்கு வெளியே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வை. மஞ்சள் தன் பிம்பத்தோடு மல்லுக்கட்டும், மற்றது மூச்சு விடும்.

முருகன் சித்தப்பா: நல்லது, இன்று ஒரு ராத்திரிக்கு ஆகும். பிடிக்கும்போது வலை வேண்டாம் கவின். வாலடியில் இருக்கும் முள் வலையில் மாட்டிக்கொள்ளும், உன் கையையும் கிழிக்கும். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஓட்டிப் பிடி.

கவின்: புதிய மீனை மட்டும் தனித்தொட்டிக்கு மாற்றினால் போதுமா?

முருகன் சித்தப்பா: போதாது, எல்லா மீனையும் மாற்று. புள்ளியே தெரியாத மீனுக்கும் செவுளுக்குள் இருக்கும். இன்னொன்று, ஒரு வாரத்தில் புள்ளிகள் தானாக மறையும். குணமாகிவிட்டது என்று நினைத்துப் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கி மணலிலும் பாறையிலும் கூடாக ஒட்டிக்கொண்டு, ஒன்று நூற்றுக்கணக்கில் பெருகி மறுபடி மீனைத் தேடி வரும்.

தேன்மொழி அக்கா: பெரிய தொட்டியிலேயே காப்பர் மருந்து ஊற்றினால் என்ன அப்பா?

முருகன் சித்தப்பா: கூடவே கூடாது. பவளம், இறால், நத்தை எல்லாம் செத்துவிடும். பாறையும் மணலும் மருந்தை உறிஞ்சுவதால் அளவும் நிற்காது. தனித்தொட்டியில் மணலே வேண்டாம். ஒளிய பிவிசி குழாய்த் துண்டுகள், நடுவில் துளையிட்ட தடுப்பு, அந்தப் பக்கம் மஞ்சள், இந்தப் பக்கம் பவுடர் ப்ளூ. செலேட்டட் காப்பர் (வேறொரு சேர்மத்தோடு பிணைத்த செம்பு மருந்து) லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம், 30 நாள். சர்ஜன்களுக்குக் காப்பர் கடுமை, அதனால் இரண்டு மூன்று நாளில் மெல்ல ஏற்று. தினமும் டெஸ்ட் கிட்டில் பார். அமோனியா ஏறினால் தண்ணீர் மாற்று, அமோனியாவைக் கட்டும் திரவத்தைக் காப்பரோடு சேர்க்காதே, மீனுக்கு விஷமாகலாம்.

கவின்: சரி. பெரிய தொட்டி எத்தனை நாள் மீன் இல்லாமல் இருக்கணும்? 45?

முருகன் சித்தப்பா: 76. ஒட்டிக்கொண்ட கூட்டிலிருந்து ஒட்டுண்ணி 72 நாள் கழித்து வெளிவந்ததாகவும் பதிவு இருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் பெரும்பாலும் முன்பே முடிந்துவிடும், ஆனாலும் நான் குறைக்கச் சொல்ல மாட்டேன்.

அம்மா: அப்புறம் இரண்டையும் சேர்த்து விட்டால் மறுபடி சண்டைதானே?

முருகன் சித்தப்பா: பாறைகளை மாற்றி அடுக்கி, இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டால் குறையும். ஆனால் கவின், உன்னுடையது நாலடித் தொட்டி. பவுடர் ப்ளூ இடம் பழகிவிட்டால் மஞ்சளைவிட முரடு. இரண்டும் வளர்ந்த பிறகு அந்த நீளம் போதாது. ஒன்றுக்கு வேறு இடம் பார்ப்பதுதான் அதற்கு நல்லது.

கவின்: ஆசையாக வாங்கினேன் சித்தப்பா...

தேன்மொழி அக்கா: என்னிடம் ஆறடித் தொட்டி இருக்கிறது, சர்ஜன் எதுவும் இல்லை. இங்கே வந்து பார்த்துக்கொள்ளேன்.

முருகன் சித்தப்பா: அப்படியென்றால் பவுடர் ப்ளூ 76 நாள் காத்திருக்க வேண்டாம். மருந்து முடிந்ததும் சுத்தமான வேறு தொட்டியில் இரண்டு வாரம் கவனித்துவிட்டு நேராக அங்கே விடலாம். மஞ்சள் மட்டும் காத்திருக்கட்டும்.

கவின்: சரி அக்கா, தருகிறேன். இப்போது டப்பா தேடுகிறேன்.