தாத்தாவின் மரப் பைப்: பளபளப்பு திரும்புமா?

திருவையாற்றான்: பரணில் தாத்தா புகையிலை புகைத்த பிரையர் மரப் பைப் கிடைத்தது. நான் புகைப்பதில்லை, கூடத்து அலமாரியில் வைக்கத்தான். மரம் மங்கிவிட்டது, வாயில் வைக்கும் கருப்புத் தண்டு பாசி பிடித்த மாதிரி பச்சையும் பழுப்புமாக இருக்கிறது. நம்ம தச்சர் பிரெஞ்சு பாலிஷ் அடித்துத் தருகிறேன் என்கிறார், கொடுக்கலாமா? அம்மா தேங்காய் எண்ணெய் போதும் என்கிறார்.

குடந்தை மாமா: இரண்டும் வேண்டாம் தம்பி. பிரெஞ்சு பாலிஷ் என்பது அரக்கு, கதவு நாற்காலிக்குச் சரி. நாளைக்கு யாராவது அதில் புகைத்தால் சூட்டில் இளகிப் பிசுபிசுக்கும். தேங்காய் எண்ணெய் காயவே காயாது, தூசியை இழுக்கும். முதலில் தண்டைத் திருகிக் கழற்றுங்கள், வளைத்து இழுத்தால் முனை உடையும். அது எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர், வெயில் பட்டுப் பட்டு நிறம் மாறியிருக்கிறது. 1000, அப்புறம் 2000 நம்பர் வாட்டர் பேப்பரை, அதாவது ஈரத்தில் தேய்க்கும் நைசான உப்புத்தாளை, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், பழுப்பாகக் கரைந்து வரும். வெந்நீர் மட்டும் கூடாது.

மன்னார்குடி ரவி: புகையிலை வைக்கும் குழியின் விளிம்புக் கரியைக் கத்தியால் சுரண்டாதீர்கள், ஈரத்துணி போதும். மரத்துக்கு கார்நூபா மெழுகு, பிரேசில் பனையோலையிலிருந்து எடுப்பது. 80 டிகிரிக்கு மேல்தான் உருகும், தேன்மெழுகு 60 சொச்சத்திலேயே இளகிவிடும். பருத்தித்துணிச் சக்கரத்தில் லேசாகப் பூசி மெதுவாக ஓட்டுங்கள், அழுத்தினால் மெழுகு கோடுகோடாக நிற்கும்.

திருவையாற்றான்: சக்கரம் இல்லையே சார்?

மன்னார்குடி ரவி: டிரில்லிங் மெஷினில் மாட்டுகிற சின்னச் சக்கரம் ஹார்டுவேர் கடையில் கேளுங்கள்.