"வேண்டும்" என்று முடித்தால் கொள்கைக் கூற்று ஆகிவிடுமா?

சிவப்பு மை:
ஒன்பதாம் வகுப்புக் கட்டுரைகள் 38 திருத்தி முடித்தேன். தலைப்பு பிளாஸ்டிக் கழிவு. ஏறக்குறைய எல்லாத் தாளும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது: "எனவே மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட வேண்டும்." யார் ஏற்படுத்துவது, எப்படி, ஏற்படுத்தினால் என்ன மாறும்? ஒன்றும் கிடையாது. போன வருடத் தலைப்பு சாலை விபத்து. அதிலும் முடிவு அதே விழிப்புணர்வுதான். தலைப்பை மறைத்துவிட்டுக் கடைசிப் பத்தியை மட்டும் காட்டினால் எது எந்தக் கட்டுரை என்று எனக்கே தெரியாது.

அதனால் இந்தப் பருவத்தில் கூற்று வகைகளை முறையாக நடத்தப் போகிறேன். இப்படி இருக்கிறது என்பது உண்மைக் கூற்று. இது நல்லது, இது அநியாயம் என்பது மதிப்புக் கூற்று. இதைச் செய்ய வேண்டும் என்பது கொள்கைக் கூற்று. முதலில் இனம் காணப் பயிற்சி, பிறகு எழுதப் பயிற்சி. கொள்கைக் கூற்று எழுதினால் மூன்று விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும்: யார் செய்வது, என்ன செய்வது, இப்போது இருப்பதிலிருந்து எது மாறுகிறது. யாராவது இப்படி நடத்திப் பார்த்திருக்கிறீர்களா?

எதிர்க்காற்று:
பார்த்திருக்கிறேன். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

மூன்று வாரம் நடத்தினேன். தேர்வில் "கீழ்க்காணும் கூற்று எவ்வகை?" என்று பத்துக் கேள்வி. பிள்ளைகள் இரண்டே நாளில் குறுக்குவழி கண்டுபிடித்துவிட்டார்கள். கடைசியில் "வேண்டும்" இருந்தால் கொள்கை, "நல்லது, கெட்டது" இருந்தால் மதிப்பு, மிச்சமெல்லாம் உண்மை. பத்துக்குப் பத்து வாங்கியவர்கள் பாதிப் பேர். அடுத்த வாரம் அதே பிள்ளைகள் எழுதிய கட்டுரையில் மறுபடியும் உங்கள் விழிப்புணர்வு வந்து உட்கார்ந்திருந்தது. பெயர் வைக்கக் கற்றுக்கொண்டார்கள், வாதாட இல்லை.

ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு வாதாடத் தெரியாது என்று யார் சொன்னது? "ஒம்பதரை வரைக்கும் வெளையாட விடுங்க, ஹோம்வொர்க்கை அதுக்கு முன்னாடியே முடிச்சுடறேன், மார்க் குறைஞ்சா நானே நிறுத்திக்கறேன்." வீட்டில் இப்படிப் பேசுகிற பிள்ளை ஒரு திட்டம் வைக்கிறது, அப்பா என்ன மறுப்பு சொல்வார் என்று முன்கூட்டியே யோசித்து அதற்கும் பதில் வைக்கிறது. நோட்டைத் திறந்ததும் இதெல்லாம் எங்கே போகிறது? இந்தத் தாளைப் படித்து யாரும் எதையும் முடிவு செய்யப் போவதில்லை என்று அதற்குத் தெரியும். உண்மை, மதிப்பு, கொள்கை என்று மூன்று பெட்டி வரைந்து காட்டினால் அது மாறாது.

உரைகல்:
"வேண்டும்" குறுக்குவழி பிள்ளைகள் கண்டுபிடித்தது இல்லை. ஆங்கிலப் பாடப்புத்தகங்களில் "ஷுட்" எங்கே என்று தேடச் சொல்வார்கள், அதை அப்படியே தமிழுக்கு எடுத்து வந்துவிட்டோம். தமிழில் அது இன்னும் அதிகமாக ஏமாற்றும். பாருங்கள்:

"எனக்குத் தண்ணீர் வேண்டும்." இது ஆசை.
"ராத்திரி மழை பெய்திருக்க வேண்டும்." இது ஊகம். சரியா தவறா என்று பார்த்துச் சொல்லலாம், ஆகவே உண்மைக் கூற்று.
"விண்ணப்பத்துடன் புகைப்படம் இணைக்க வேண்டும்." ஏற்கெனவே இருக்கும் விதியைத் தெரிவிக்கிறது. இதுவும் உண்மைக் கூற்றே, விதியை எடுத்துப் பார்த்தால் தீர்ந்தது.
"விண்ணப்பத்துடன் புகைப்படம் கேட்பதை நிறுத்த வேண்டும்." இது ஒன்றுதான் கொள்கைக் கூற்று.

மறுபக்கமும் உண்டு. "இன்னொரு நர்ஸ் இல்லாமல் இந்த வார்டு ஓடாது." வேண்டும் இல்லை, வேண்டாம் இல்லை. மேலுக்கு நிலவரம் சொல்வது போல இருக்கிறது, உள்ளே இருப்பது கோரிக்கை. இந்த வாக்கியத்தைப் பார்த்துக் கொள்கை என்று சொல்கிற மாணவருக்குப் பாடம் புரிந்துவிட்டது. சொல்லாதவருக்கு இன்னும் பத்துப் பயிற்சித்தாள் கொடுத்தும் பயனில்லை.

என் சோதனை இதுதான்: இந்தக் கூற்றுக்கு "முடியாது" என்று பதில் சொல்லும் இடத்தில் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் கொள்கை. மழை பெய்திருக்க வேண்டும் என்பதற்கு "அப்படி இல்லை" என்று சொல்லலாம், "முடியாது" என்று சொல்ல முடியாது.

சிவப்பு மை:
உரைகல், இந்த நான்கு வாக்கியமும் நாளைக்கே கரும்பலகைக்குப் போகின்றன. "விழிப்புணர்வு வேண்டும்" ஏன் உப்புச்சப்பில்லாமல் இருக்கிறது என்பதும் உங்கள் சோதனையில் தெரிந்துவிடுகிறது. அதை யாரும் மறுக்க மாட்டார்கள். மறுக்கும் இடத்தில் ஆளே இல்லை.

எதிர்க்காற்று, பெட்டியே வேண்டாம் என்றால் அந்த வாக்கியத்தில் என்ன குறை என்று பிள்ளையிடம் எந்தச் சொல்லை வைத்துச் சொல்வது? "தெளிவில்லை" என்று எழுதி எழுதி என் பேனாவில் மை தீர்ந்ததுதான் மிச்சம்.

மேடைப்பித்தன்:
தாமதமாக வருகிறேன், கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர். "கொள்கை" என்றதும் பிள்ளைகள் உயிர்போனாலும் விடாத லட்சியத்தை நினைக்கிறார்கள். பாலிசி என்றால் இன்சூரன்ஸ். நான் "செயற்கூற்று" என்று சொல்லிப் பார்த்தேன், அதற்குக் கொஞ்சம் பலன் இருந்தது.

அரிஸ்டாட்டில் பேச்சை மூன்றாகப் பிரித்தார். நீதிமன்றப் பேச்சு நடந்து முடிந்ததைப் பற்றியது. புகழ்வதும் இகழ்வதும் பெரும்பாலும் இன்றைக்கு உள்ளதைப் பற்றியது. அவையில் ஆலோசனை சொல்வது இனி நடக்க வேண்டியதைப் பற்றியது. செயற்கூற்று இந்த மூன்றாவது வகை. வருங்காலத்துக்குச் சாட்சி கிடையாது. அதனால்தான் பிள்ளைகள் பிரச்சினையை நான்கு பக்கம் எழுதிவிட்டுத் தீர்வை ஒரு வரியில் முடிக்கிறார்கள். பிரச்சினைக்குச் செய்தித்தாள் இருக்கிறது, தீர்வுக்கு யோசித்தாக வேண்டும்.

விவாத மேடையில் இதற்குப் பழைய கேள்விகள் உண்டு. கேடு உண்மையில் இருக்கிறதா, மெனக்கெடும் அளவுக்குப் பெரிதா? இப்போதுள்ள ஏற்பாட்டில் எது அதை நீடிக்க வைக்கிறது? நீங்கள் சொல்லும் வழி அந்தக் காரணத்தைத் தொடுமா? அதனால் வேறு கேடு வருமா? இரண்டாவது கேள்வியில்தான் முக்கால்வாசிப் பேர் விழுவார்கள். யோசித்தால் இது நமக்குப் புதிதே இல்லை. நோய்நாடி, நோய்முதல் நாடி, அது தணிக்கும் வாய்நாடி என்று 948ஆம் குறள் அதே வரிசையில்தான் போகிறது. நம் பிள்ளைகள் நோயை நாடிவிட்டு நேரே மருந்துக்கடைக்குப் போய்விடுகிறார்கள்.

இன்னொன்று: நிரூபிக்கும் பொறுப்பு. ரிச்சர்ட் வேட்லி என்ற ஆங்கிலேய அறிஞர் 1828இல் வந்த தன் சொல்லாட்சி நூலில் சொன்னது: இருக்கும் ஏற்பாட்டின் பக்கம் ஒரு முன்சாய்வு உண்டு, மாற்றச் சொல்பவரே காரணம் காட்ட வேண்டும். இதை முதல் நாளே சொல்லிவிடுவேன்.

எதிர்க்காற்று:
குறளை இழுத்தீர்கள், சரி. அங்கே மருத்துவர் ஒருவர், நோயாளி ஒருவர், நோய் எது என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை. கொள்கை விவாதத்தில் முதல் சண்டையே அதுதானே? ஒருவருக்கு நோய் என்று படுவது இன்னொருவருக்கு ஆரோக்கியம்.

வேட்லி ஒரு பாதிரியார். இந்த முன்சாய்வுக்கு அவர் காட்டும் உதாரணங்களில் திருச்சபையும் உண்டு. இருப்பது இருக்கட்டும் என்பது யாருக்கு வசதி என்று நான் சொல்லத் தேவையில்லை. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எல்லா விதியும் இன்னொருவர் போட்டது. "மாற்றச் சொல்பவன் நீ, நீயே நிரூபி" என்று முதல் நாளே சொன்னால் வாயை மூடிக்கொள்ளத்தான் கற்றுக்கொள்ளும். அந்த விதி ஏன் வந்தது என்று விதி போட்டவரையும் கேட்கலாம் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

மேடைப்பித்தன்:
சேர்த்துத்தான் சொல்வேன். முன்சாய்வைக் கவிழ்க்கலாம் என்று வேட்லியே எழுதியிருக்கிறார். அது ஆட்டத்தை யார் தொடங்குவது என்பதற்கான விதி, யார் ஜெயிப்பது என்பதற்கு இல்லை.

எதிர்க்காற்று:
உங்களுக்கு ஆட்டம். அதுதான் நம் தகராறே.

உரைகல்:
எதிர்க்காற்று சொன்னதில் ஒரு விஷயம் முக்கியம். "எது நோய்" என்பது மதிப்புக் கூற்று. "இருக்கிறது" என்று பேசிக்கொண்டே வந்தவர்கள் சத்தமில்லாமல் "வேண்டும்" என்று மாறிவிடுகிறார்கள், இடையில் என்ன நடந்தது என்று விளக்குவதில்லை என்று தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் குறைப்பட்டது 1740இல். இன்றைக்கும் மாணவர் கட்டுரைகளில் அந்த ஓட்டை அப்படியே இருக்கிறது. விபத்து அதிகம், ஆகவே வேகத்தடை வேண்டும். நடுவில் "சீக்கிரம் போய்ச் சேர்வதைவிட உயிர் பெரிது" என்று ஒரு மதிப்புக் கூற்று ஒளிந்திருக்கிறது. இந்த இடத்தில் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள், அதனால் தெரிவதில்லை. ஒத்துக்கொள்ளாத இடத்தில் அந்த ஒளிந்த வரியில்தான் மொத்தச் சண்டையும் இருக்கும். மூன்று பெட்டியைத் தனித்தனியாக நடத்துவதுதான் தப்பு. கொள்கை என்பது மற்ற இரண்டின் தோளிலும் ஏறி நிற்பது.

கடைசி பெஞ்சு:
நான் பதினொன்றாவது படிக்கிறேன். ரெண்டு நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், திட்டாதீங்க. என் கட்டுரையோட மையக் கூற்று இது: "நூலகத்தில் தாமதக் கட்டணம் ஒழிக்கப்பட வேண்டும்." எங்க டீச்சர் "தெளிவில்லை"ன்னு வட்டம் போட்டுட்டாங்க. என்ன தெளிவில்லை?

சிவப்பு மை:
தம்பி, அந்த வட்டம் போட்டது நானாகக்கூட இருக்கலாம் :) "ஒழிக்கப்பட" என்ற சொல்லைப் பாருங்கள். செயப்பாட்டுவினை போட்டால் செய்பவர் காணாமல் போய்விடுவார். "நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்" என்று அறிக்கை விடுபவர்களுக்கு அது வசதி, உங்களுக்கு இல்லை. யார் ஒழிப்பது? எல்லாப் புத்தகத்துக்குமா? கட்டணம் போனால் புத்தகம் திரும்பி வர என்ன ஏற்பாடு?

மேடைப்பித்தன்:
சான்று வேண்டுமானால், சிகாகோ பொது நூலகம் 2019இல் தாமதக் கட்டணத்தை எடுத்துவிட்டது. நியூயார்க் பொது நூலகம் 2021இல். பெரிய நூலகங்களே செய்த வேலை என்று காட்டலாம்.

உரைகல்:
காட்டலாம், ஆனால் அது செய்ய முடியும் என்பதற்குத்தான் சான்று. நகரம் முழுவதற்குமான நூலகமும், தேர்வுக்கு முந்தின வாரம் ஒரே புத்தகத்துக்கு இருபது பேர் நிற்கும் பள்ளி நூலகமும் ஒன்றா? அங்கே தாமதம் என்பது அடுத்தவரின் புத்தகம். இதற்குப் பதில் கட்டுரையில் இருக்க வேண்டும். உங்கள் ஒளிந்த வரி என்ன என்பதையும் சொல்லுங்கள்.

கடைசி பெஞ்சு:
ஒளிந்த வரி: காசு இல்லாதவன் புத்தகம் எடுக்கவே பயப்படக் கூடாது. என் ஃப்ரெண்டு ஒருத்தன் கட்டணம் பாக்கின்னு நூலகப் பக்கமே போறதில்ல. அவனை வச்சுத்தான் எழுத ஆரம்பிச்சேன், ஆனா கட்டுரைல அவனைப் பத்தி ஒரு வரிகூட இல்ல.

மாத்திப் பார்த்தேன்: "எங்கள் பள்ளி நூலகம், பாடப் புத்தகங்கள் தவிர மற்றவற்றுக்குத் தாமதக் கட்டணம் வாங்குவதை நிறுத்தி, முந்தைய புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் வரை புதியது தராமல் இருந்தால் போதும்."

சிவப்பு மை:
பிரமாதம். "வேண்டும்" இல்லாமலே கொள்கைக் கூற்று! எதிர்க்காற்று, பார்த்தீர்களா? யார், என்ன, எது மாறுகிறது என்ற மூன்றும் வந்துவிட்டன. கேட்கச் சொல் இருந்ததால் கேட்க முடிந்தது.

எதிர்க்காற்று:
வாக்கியம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெட்டியால் வந்ததா, அந்த நண்பனால் வந்ததா? தம்பி, ஒரு கேள்வி. "எங்கள் பள்ளி நூலகம்" என்று எழுதியிருக்கிறாய். நூலகம் என்பது கட்டடம். அந்தக் கட்டணத்தை வைத்தது யார், எடுக்கும் அதிகாரம் யாருக்கு? நூலகருக்கா, தலைமையாசிரியருக்கா, அவர்களுக்கும் மேலேயா?

கடைசி பெஞ்சு:
தெரியலண்ணா. நூலகர்தான்னு நெனச்சுட்டிருந்தேன்.

சிவப்பு மை:
என் மூன்று கேள்வியில் முதலாவதே "யார்". நானும் "நூலகம்" என்றதும் டிக் போட்டுவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன். வரிசையை மாற்றுகிறேன்: முதலில் மறுக்கக்கூடிய ஒரு ஆளுக்குக் கடிதம், பெட்டிகள் திருத்தும்போது. ஆனால் பெட்டிகளை விடப் போவதில்லை.

எதிர்க்காற்று:
விட வேண்டாம், தேர்வில் கேட்காமல் இருந்தால் சரி.

கடைசி பெஞ்சு:
இன்னிக்கு நூலகர்கிட்ட கேட்டேன். "இது நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே இருக்கு, யார் வச்சதுன்னு எனக்கும் தெரியாது, ஆபீஸ்ல கேளு"ன்னாங்க. திங்கக்கிழமை ஆபீஸ்ல கேக்கப் போறேன். கட்டுரை செவ்வாய்க்கிழமை குடுக்கணும்.