பைதானில் ஐஎன்ஐ கோப்பை எழுதும்போது குறிப்புகள் எல்லாம் அழிந்துபோகின்றன, உதவி தேவை

திருகோணமலையில் மாமாவின் மீன் வாடிக்கு ஒரு பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பைதான் 3.11, விண்டோஸ் 10. விலைகள் எல்லாம் ஒரு ஐஎன்ஐ கோப்பில் (பெயரும் மதிப்பும் வரிவரியாக எழுதிய சாதாரண அமைப்புக் கோப்பு) இருக்கின்றன, பைதானோடு வரும் கான்ஃபிக்பார்சர் அதைப் படிக்கிறது. மாமா ஒவ்வொரு வரிக்கும் மேலே தமிழில் தானே குறிப்பு எழுதி வைத்திருந்தார், '# சூரை, பெரியது மட்டும்' என்பதுபோல. 3 வாரத்துக்கு முன் புரோகிராமிலிருந்தே விலையை மாற்றும் வசதியைச் சேர்த்தேன். முதல் தடவை சேமித்ததுமே அவர் எழுதிய ஒரு குறிப்புகூட மிஞ்சவில்லை. அவருக்கு அந்தக் குறிப்புகள்தான் கணக்குப் புத்தகம், எனக்கு மனசே சரியில்லை.

முதலில் கோப்பைப் படிப்பதிலேயே சிக்கல் இருந்தது, நோட்பேட் கோப்பின் தொடக்கத்தில் ஒட்டிய பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி காரணமாக செக்‌ஷன் தலைப்பு இல்லை என்று பிழை வந்தது, 'யுடிஎஃப்-8-சிக்' என்று என்கோடிங் கொடுத்ததும் அது சரி. பெயர்களில் இருந்த ஆங்கிலப் பெரிய எழுத்துகள் சின்னதாகிப்போனதை, அப்படி மாற்றும் ஆப்ஷன்எக்ஸ்ஃபார்மில் எஸ்டிஆர் போட்டுத் தீர்த்தேன். அப்புறம் '#' வரிகளையும் சாதாரண வரியாகவே படிக்கட்டும் என்று குறிப்புக் குறியை '/' ஆக்கி, மதிப்பில்லாத வரிகளையும் அனுமதித்துப் பார்த்தேன். குறிப்புகள் தங்கின, ஆனால் ஒரே செக்‌ஷனில் '# -----' என்ற வரி இரண்டு இடத்தில் இருப்பதால் ஒரே பெயர் இரண்டு தடவை வருகிறது என்ற டூப்ளிகேட்ஆப்ஷன்எரர் வந்து நின்றுவிட்டது. இந்தச் சோதனைக்கான ஸ்ட்ரிக்டை நிறுத்தினால் பிழை போகிறது, ஆனால் இரண்டாவது '# -----' வரியும் சேர்ந்து காணாமல் போகிறது.

டாமல் என்ற வேறு வகை அமைப்புக் கோப்புக்கு மாற விருப்பமில்லை, மாமா நோட்பேடில் திறந்து பழகிய கோப்பு இது.

ஐஎன்ஐ கோப்பில் ஒரேயொரு மதிப்பை மட்டும் மாற்றி, மற்ற வரிகளை அப்படியே விட்டுச் சேமிக்க நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்கள்?