ஏலக் குறிப்பிலிருந்து எடையும் விலையும் பிரிக்க ரெஜெக்ஸ்: எங்கே தொடங்குவது?

பாம்பன்காரி:

எல்லோருக்கும் வணக்கம். பாம்பனில் அப்பா மீன் கமிஷன் கடை வைத்திருக்கிறார். கரையில் ஏலம் முடிந்ததும் எங்கள் கணக்குப்பிள்ளை அண்ணன் ஒவ்வொரு மீனாக வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார். ராத்திரி அதை நோட்டில் ஏற்றி, கமிஷன் கழித்து, படகுக்காரர்களுக்குக் கணக்குச் சொல்வது என் வேலை. இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, கடையிலும் நெருக்கடி இல்லை. அதற்குள் பழைய செய்திகளை எல்லாம் பைத்தான் என்ற நிரல்மொழியில் போட்டு அட்டவணையாக்கிவிட வேண்டும் என்று இறங்கியிருக்கிறேன். பைத்தான் ஓரளவு வரும். ரெஜெக்ஸை, அதாவது உரையில் வேண்டியதைத் தேடிப் பிரிக்கக் குறிகளால் எழுதும் வடிவத்தை, பார்த்தால்தான் மலைப்பாக இருக்கிறது.

செய்திகள் இந்த மாதிரி இருக்கும்:

நகரை 45 கிலோ 180
கணவாய் 12.5கிலோ 320
நீலக்கால் நண்டு 8 கி 450
விளமீன் 22 கிலோ ரூ.380
சங்காயம் 6 கூடை 900
ஊளி - 9கிலோ-350/-

எனக்கு வேண்டியது மீன் பெயர், எடை, அலகு, விலை. ஒரு பாடத்தில் பார்த்ததை வைத்து இப்படிப் போட்டேன்:

(.*)([0-9]+).*([0-9]+)

முதல் வரிக்கு என்ன வந்தது தெரியுமா? பெயர் "நகரை 45 கிலோ 1", எடை 8, விலை 0. எப்படி இப்படிப் பிரிகிறது என்றே பிடிபடவில்லை. குறிகளின் அட்டவணை ஒன்றை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், ஒவ்வொரு குறிக்கும் பொருள் தெரிகிறது, சேர்த்து எழுதினால் வேறு ஏதோ நடக்கிறது. விடையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அண்ணன் எழுதும் விதம் நாளுக்கு நாள் மாறும், அதனால் நானே யோசித்து எழுதுகிற மாதிரி சொல்லித் தாருங்கள்.


கீழக்கரை காக்கா:

தங்கச்சி, நல்ல கேள்வி. மாதிரி வரிகளையும் வந்த விடையையும் அப்படியே கொடுத்திருக்கிறீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வரலாம்.

உங்கள் வடிவம் முதல் வரியில் என்ன செய்தது என்று பார்ப்போம். புள்ளி என்றால் எந்த எழுத்தும். நட்சத்திரம் என்றால் முன்னால் இருப்பது எத்தனை முறை வேண்டுமானாலும், ஒரு முறைகூட வராவிட்டாலும் சரி. [0-9] என்றால் ஓர் இலக்கம், பின்னால் பிளஸ் வந்தால் ஒன்றோ அதற்கு மேலோ. வளைவு அடைப்பு என்பது குழு, அதற்குள் பொருந்தியதைத் தனியாக எடுத்துத் தரும். இரண்டும் சேர்ந்த .* முதலில் வரி முழுவதையும் விழுங்கிவிடும். அப்புறம் மீதி வடிவத்துக்கு ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்ததும் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பித் தரும். முதலில் 0-ஐத் தந்தது. நீங்கள் கேட்பது இரண்டு எண், கையில் இருப்பது ஒரே இலக்கம், போதாது. அடுத்து 8-ஐத் தந்தது. இப்போது 8 ஓர் எண், 0 ஓர் எண், நடுவிலுள்ள .* ஒன்றுமே இல்லாமல் நிறைவாகிவிட்டது. கேட்டது கிடைத்துவிட்டதால் அங்கேயே நின்றுகொண்டது. மீதி "நகரை 45 கிலோ 1" முழுக்கப் பெயருக்குப் போய்விட்டது. இந்தத் திருப்பித் தருகிற வேலையை ஒரு வரிக்குத் தாளில் விரல் வைத்து நடத்திப் பாருங்கள். ரெஜெக்ஸில் பாதி பயம் அதிலேயே போய்விடும்.

சுவரில் இருக்கும் அட்டவணை அங்கேயே இருக்கட்டும், பிறகு உதவும். குறி எதையும் தொடாமல் முதலில் வரியைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். "வரி தொடங்குகிறது. இலக்கம் அல்லாத ஏதோ வருகிறது, அது மீன் பெயர். அப்புறம் இலக்கங்கள், சில சமயம் தசமப் புள்ளியோடு. இடைவெளி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கிலோ, கி, கூடை இந்த மூன்றில் ஒன்று. மறுபடியும் இலக்கம் அல்லாத ஏதாவது. அப்புறம் விலை." இப்படிச் சொல்ல முடிந்துவிட்டால் எழுதுவது சும்மா படியெடுக்கிற வேலை:

^([^0-9]+)([0-9]+(?:\.[0-9]+)?) *(கிலோ|கி|கூடை)[^0-9]*([0-9]+)

"ஏதோ வருகிறது" என்று நீங்கள் .* போட்ட இடத்தில் நான் "இலக்கம் அல்லாதது" என்று போட்டிருக்கிறேன். எது வரலாம் என்பதைவிட எது வரக்கூடாது என்று சொல்வது பல இடங்களில் கறாராக நிற்கும். இலக்கத்தைக் கண்டதும் பெயர் நின்றுவிடும், 45-ஐ விழுங்கவே முடியாது. கிலோவைக் கி-க்கு முன்னால் வைத்ததும் காரணத்தோடுதான். இடமிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கும், கி முதலில் இருந்தால் கிலோ என்ற சொல்லிலும் கி-யை எடுத்துக்கொண்டு போய்விடும். கேள்விக்குறி, முக்காற்புள்ளியோடு தொடங்கும் அடைப்பு சேர்த்துப் பிடிக்க மட்டும்; தனிக் குழுவாக எண்ணப்படாது. அதனால் உங்களுக்குக் கிடைப்பது சரியாக நான்கு குழு. பைத்தானில் எழுதும்போது மேற்கோள் குறிக்கு முன்னால் சின்ன ஆர் எழுத்தைப் போட மறக்க வேண்டாம், இல்லையென்றால் சாய்கோடுகள் தொல்லை தரும்.

^ குறி வெளியே நின்றால் வரியின் தொடக்கம், சதுர அடைப்புக்குள் முதலில் நின்றால் "அல்லாதது". ? ஒரு இடத்தில் "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்", நட்சத்திரத்துக்குப் பின்னால் வந்தால் "குறைவாக எடுத்துக்கொள்". இது உங்கள் புத்திக் குறைவால் குழம்புவது இல்லை. 1951-இல் ஸ்டீபன் க்ளீனி என்ற கணிதவியலாளர் நரம்பு வலைகளைப் பற்றி ஆராய்ந்தபோது பிறந்த கருத்து இது, அந்த நட்சத்திரத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். 1968-இல் கென் தாம்சன் அதை உரையில் தேடுவதற்குக் கொண்டுவந்தார். அப்புறம் ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு மொழியும் தன் பங்குக்குச் சேர்த்தன. விசைப்பலகையில் இருந்த சில குறிகளுக்கே மேலும் மேலும் வேலை கொடுத்தார்கள்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. மேலே உள்ள வடிவத்தை அப்படியே ஓட்டாதீர்கள். இறால் 30 கிலோ 1,200 என்று ஒரு வரி வந்தால் விலை 1 ரூபாய் என்று எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விடும். கணக்கு முடிந்து படகுக்காரர் வந்து நிற்கும்போதுதான் தெரியும். கடைசியில் இதைச் சேருங்கள்:

[^0-9]*$

விலைக்குப் பிறகு வரி முடியும் வரை வேறு இலக்கமே வரக்கூடாது என்று பொருள். இப்போது 1,200 வரி பொருந்தவே பொருந்தாது. பொருந்தாமல் போவதுதான் உங்களுக்கு நல்லது. பொருந்தாத வரிகளை எல்லாம் தனிக் கோப்பில் எழுதச் செய்யுங்கள். அந்தக் கோப்பைத் திறந்து வாசியுங்கள், ஒன்றிரண்டு வகைகள் திரும்பத் திரும்ப வரும். ஒரு வகைக்கு மட்டும் வடிவத்தைத் திருத்துங்கள், மறுபடி ஓட்டுங்கள். அண்ணன் எழுத்து மாறினாலும் கவலை இல்லை, மாறிய அன்றைக்கே அந்தக் கோப்பு காட்டிக்கொடுத்துவிடும். தவறாகப் பொருந்துகிற வடிவம் ஆபத்து. பொருந்தாமல் நிற்கிற வடிவத்தோடு வேலை செய்ய முடியும்.

இன்னொன்று, தமிழுக்கென்று கவனிக்க வேண்டியது. [கிலோ] என்று சதுர அடைப்புக்குள் சொல்லைப் போட்டுவிடாதீர்கள். நமக்குக் கி ஓர் எழுத்து. கணினிக்கு அது க ஒன்று, இகரக் கொக்கி ஒன்று. சதுர அடைப்பு உள்ளே இருப்பதில் ஏதாவது ஒன்றை மட்டும் எடுக்கும், பாதி எழுத்து கையில் வரும். பாடங்களில் "சொல்லெழுத்து" என்று காட்டுகிற \w என்ற சுருக்கக் குறியும் இப்படித்தான். பைத்தானோடு வரும் தொகுப்பில் அது உயிர்மெய்க் கொக்கிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளாது. "மீன்" என்ற சொல் ம, ன என்று இரண்டு துண்டாகிவிடும். மீன் பெயருக்கு [^0-9]+ போட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.


மண்டபம் வடக்கு:

அக்கா, காக்கா சொன்னதோடு படகு எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எப்படியும் தேவைப்படும். நம் பக்கத்து விசைப்படகில் நாட்டுக் குறி, மாநிலக் குறி, 10 அல்லது 11, அப்புறம் எம்எம், வரிசை எண் என்று எழுதியிருக்கும். செய்தியில் யாரும் முழுதாகப் போட மாட்டார்கள். ஒருவர் கோடு போடுவார், ஒருவர் இடைவெளி விடுவார், ஒருவர் சேர்த்தே எழுதுவார். தமிழில் எழுதியிருந்தால்:

(1[01])[- /.]*எம்எம்[- /.]*([0-9]+)

சதுர அடைப்புக்குள் கோட்டை முதலில் வைத்திருப்பதைப் பாருங்கள். நடுவில் வைத்தால் 0-9 மாதிரி "இதிலிருந்து அது வரை" என்று எடுத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் வந்தால் பெரியது சின்னது பார்க்காதே என்று ஒரு விருப்பத் தேர்வு இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள்.

.* பற்றி ஒன்று. ஒரே வடிவத்தில் அதை அடுத்தடுத்துப் போடாதீர்கள். 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃப்ளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் வழியாகப் போகும் தளங்கள் உலகம் முழுக்க ஏறத்தாழ 27 நிமிடம் தடுமாறியதற்கு அப்படி ஒரு ரெஜெக்ஸ்தான் காரணம். காக்கா விளக்கினாரே, திருப்பித் தருவது, அது பல மடங்காகப் பெருகி கணினியின் திறன் முழுவதையும் தின்றுவிட்டது. உங்கள் செய்திகள் சின்ன வரிகள், அந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் பழக்கம் இப்போதே சரியாக அமையட்டும்.


பாம்பன்காரி:

காக்கா, தாளில் விரல் வைத்துப் பார்த்தேன், 8-உம் 0-உம் எங்கிருந்து வந்தன என்று தெளிவாகிவிட்டது. மண்டபத்துத் தம்பிக்கும் நன்றி, படகு எண் பிரிகிறது.

பொருந்தாத கோப்பில் நீங்கள் சொன்ன 1,200 வகை நிறைய. அது தவிர "ஊளி 5½ கிலோ 350", ஒரே வரியில் இரண்டு மீன், அப்புறம் எடையே இல்லாமல் "சங்காயம் மொத்தம் 2400". இதெல்லாம் புரிகிறது. புரியாதது ஒன்று இருக்கிறது. மண்டபத்திலிருந்து வேறு ஒருவர் அனுப்பும் செய்திகளில் கிலோ என்று தெளிவாகவே இருக்கிறது, ஆனால் அலகு என்று எடுத்தால் "கி" மட்டும் வருகிறது. கிலோவைத்தான் முதலில் வைத்திருக்கிறேன். இரண்டு பேர் செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை.


கீழக்கரை காக்கா:

அருமையாகக் கவனித்திருக்கிறீர்கள், தங்கச்சி. பல பேர் இதைப் பார்க்காமலே கடந்துவிடுவார்கள்.

இரண்டு "கிலோ"வையும் எடுத்து நீளம் கேட்டுப் பாருங்கள். ஒன்றுக்கு 4 வரும், மற்றதற்கு 5 வரும். கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் வைத்திருக்கும் முறைதான் யூனிகோடு. ஓகாரக் குறியை அதில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக வைக்கலாம், அல்லது முன்னால் நிற்கும் ஏகாரக் கொம்பும் பின்னால் நிற்கும் காலுமாக இரண்டாக வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. ரெஜெக்ஸ் திரையைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் எண்களைத்தான் பார்க்கிறது. கிலோ பொருந்தவில்லை, அடுத்து கி பொருந்தியது, மீதி "லோ"வை [^0-9]* வாரிக்கொண்டு போய்விட்டது. ஒகரக் குறிக்கும் இதே கதைதான்.

இதை ரெஜெக்ஸுக்குள் தீர்க்க முயல வேண்டாம். பைத்தானிலேயே யூனிகோட்டேட்டா என்ற தொகுப்பு இருக்கிறது. அதில் நார்மலைஸ் செயல்பாட்டை என்எஃப்சி (NFC) என்ற சேர்த்து எழுதும் வடிவத்தில் கூப்பிட்டால் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். செய்தி உள்ளே வந்ததும் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள், உங்கள் வடிவத்தில் இருக்கும் சொற்களுக்கும் சேர்த்தே செய்யுங்கள். அதே இடத்தில் இலக்கத்தை ஒட்டி ½ இருந்தால் .5 ஆக மாற்றிவிடுங்கள், 5½ தானாக 5.5 ஆகிவிடும். ½ தனியாக நின்றால் 0.5 ஆக்குங்கள், இல்லையென்றால் புள்ளி பெயரோடு போய் எடை 5 ஆகிவிடும். ஆனால் ½ மாற்றுவதை நார்மலைஸுக்கு முன்னால் செய்தாலும் பின்னால் செய்தாலும் என்எஃப்சி அதைத் தொடாது, கவலை வேண்டாம்.

1,200-க்கு விலைக் குழுவை ([0-9,]+) ஆக்கிக்கொண்டு, எடுத்த பிறகு காற்புள்ளியை நீக்கிவிடுங்கள். ஒரே வரியில் இரண்டு மீன் வருவதை இந்த வடிவத்தால் பிடிக்க நினைக்காதீர்கள். அப்படி வருகிற வரிகள் சிலதான் என்றால் கையால் பிரிப்பதே வேகம்.

சங்காயம் மொத்தம் வேறு வகை. அதில் எடையே கிடையாது, ஆகவே எடைக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டு "இல்லாவிட்டாலும் பரவாயில்லை" என்று முதல் வடிவத்தைத் தளர்த்தத் தோன்றும். செய்யாதீர்கள். எடை எழுத மறந்த வரிகளும் அப்போது உள்ளே வந்துவிடும். அதற்கென்று இரண்டாவது வடிவம் ஒன்று எழுதுங்கள்:

^([^0-9]+?) *மொத்தம்[^0-9]*([0-9,]+)[^0-9]*$

முதல் வடிவம் பொருந்தவில்லை என்றால் மட்டும் இதைக் கேளுங்கள். இரண்டிலும் நிற்காதவை பழையபடி அந்தத் தனிக் கோப்புக்கே போகட்டும். பிளஸுக்குப் பின்னால் ஏன் கேள்விக்குறி போட்டேன் என்று, அதை எடுத்துவிட்டு ஒரு முறையும் போட்டு ஒரு முறையும் ஓட்டி, பெயரின் கடைசியில் இடைவெளி ஒட்டுகிறதா என்று பாருங்கள்.